சராசரிக்குள் மறையும் அம்மோனியா

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும் தாங்காமல் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. வரம்பு 400. ஆனால் அந்த 400, 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு மணி நேரம் 2,090, மீதி 23 மணி நேரம் 20 என்று வைத்துக்கொண்டால், அன்றைய சராசரி 106தான் வரும். ஊரே மூச்சுத் திணறிய நாளும் ஏட்டில் நல்ல நாளாகவே பதிவாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2,090 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ 3 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 3 பங்கு. தொழிலாளர்களுக்கு 15 நிமிடத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச வரம்பே 35 பிபிஎம். வெறும் 3 பிபிஎம்மில் ஆட்கள் மயங்கி விழமாட்டார்கள். அப்படியானால் குப்பத்து ஜனங்கள் உண்மையில் சுவாசித்த அளவு இந்த எண்ணில் இல்லை. கருவி வருவதற்குள் உச்சம் கடந்துபோயிருக்க வேண்டும். அம்மோனியாவின் நெடியே காட்டிக்கொடுத்துவிடுமே, கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நெடி பழகப் பழக மூக்கு மரத்துவிடும். சிகிச்சை தரும் மருத்துவருக்கோ, இழப்பீட்டு வழக்குக்கோ மூக்கு எந்தப் பதிவையும் விட்டுவைப்பதில்லை.

எனவே கருவி நிற்கவேண்டிய இடம் ஆலையின் வேலியோரம், குப்பத்தைப் பார்த்த பக்கம். ஒரு முனையிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, நூறு மீட்டருக்கு அப்பால் வாங்கிப் பார்த்தால், இடையில் அம்மோனியா விழுங்கிய ஒளியை வைத்தே அதன் அளவைச் சில நொடிகளில் கணக்கிட்டுவிடலாம். எச்சரிக்கை மணியும் நிமிடக் கணக்கில் அடிக்கவேண்டும், நாள் சராசரியில் அல்ல. செலவு அதிகம் என்பார்கள். கடலுக்கடியில் குழாய் போட்ட ஆலைக்கு இது தாங்காத செலவல்ல. அளவை வெளியிட்டால் பீதி கிளம்பும் என்ற வாதமும் நிற்காது. அமெரிக்க எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வேலியோர பென்சீன் அளவைப் பொதுவில் வெளியிடும்படி 2015 விதி கட்டாயமாக்கியிருக்கிறது. விவரம் தெரியாமல் ஓடுவதுதான் பீதி. வாயு எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகிப் போகலாம்.