கைகூப்பி நிற்கும் மலைக்கிராமம்

ஜப்பான் தேசத்தின் நடுப்பகுதியில், கிபு மாகாணத்து மலைகளுக்கிடையே, ஷோ என்னும் ஆற்றின் கரையில் ஒகிமாச்சி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஷிரகாவா வட்டாரத்தைச் சேர்ந்த இவ்வூரைக் காண ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் வருகின்றனர். நெசவாளரும் பயிர்த்தொழிலாளருமான நம் அங்கத்தினர்கள் இவ்வூரின் வரலாற்றை அறிவது பயனுடையதென்று கருதி, அதனை ஈண்டு எழுதலானோம்.

குளிர்காலத்தில் இங்கே ஆள் உயரத்துக்கும் மேலாகப் பனி குவியும். அப்பனி தங்காமல் வழிந்து விழுமாறு, ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் புற்கூரைகளை அமைத்தனர் முன்னோர். வணங்கும் கைகளைப் போன்ற தோற்றத்தால் இவ்வீடுகளுக்குக் 'கஸ்ஸோ' என்று பெயர். கூரைச் சட்டத்தில் ஆணி கிடையாது. வைக்கோற் கயிறும் இளங்கொம்புகளுமே கட்டு. கூரையின் கீழுள்ள அடுக்குகளில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே எரியும் அடுப்பின் வெம்மை மேலேறிப் புழுக்களைக் காத்தது. புகையோ கூரைப் புல்லைப் பூச்சி அரிக்காமல் காத்தது. விளைநிலம் குறுகிய மலையில் பட்டே இம்மக்களுக்குச் சோறிட்டது.

ஒரு கூரையை 30 அல்லது 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாய் வேய வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகக்கூடிய காரியமா அது? ஊரார் நூற்றுக்கு மேற்பட்டோர் திரண்டு வந்து, கூலி பெறாமல் வேய்ந்து கொடுப்பர். இன்று உதவி பெற்றவர் நாளை மற்றவர் வீட்டுக்குச் செல்வார். இம்முறைக்கு 'யுயி' என்று பெயர். இக்காலத்தில் பெரும்பாலான வேலையைத் தேர்ந்த தொழிலாளர் செய்கின்றனராயினும், யுயி மறைந்துவிடவில்லை.

உலகப் போருக்குப் பின் பட்டுத்தொழில் நலிந்தது. 1961ஆம் ஆண்டு ஆற்றின் மேற்பகுதியில் மிபோரோ அணை எழுந்தபோது சில கிராமங்கள் நீரில் மூழ்கின. பழைய வீடுகள் பல வெளியூர்களுக்கு விற்கப்பட்டன. இந்நிலை கண்டு அஞ்சிய ஒகிமாச்சி மக்கள் 1971இல் ஒரு சங்கம் கூட்டி, 'விற்போமில்லை, வாடகைக்கு விடோமில்லை, இடிப்போமில்லை' என்று மூன்று உறுதிகளை ஏற்றனர். அரசின் பாதுகாப்பு 1976இல் கிடைத்தது. 1995இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றுக்கொண்டது.

காணத்தக்கவை பல. மேட்டிலுள்ள காட்சித்தலத்திலிருந்து ஏறத்தாழ 60 புற்கூரை வீடுகளையும் வயல்களையும் ஒருசேரப் பார்க்கலாம். வாடா குடும்பத்தாரின் பழைய இல்லத்துள் சென்று, பட்டுப்புழு வளர்த்த மேல்தளத்தைக் காணலாம். அக்டோபர் நடுவில் நடைபெறும் திருவிழாவில் அரிசி மதுவைக் கடவுளுக்குப் படைத்து வந்தோர்க்கும் வழங்குவர். தகயாமா நகரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரலாம்.

ஆயினும், வருவோர் பெருக்கமே இன்று அவ்வூருக்குச் சோதனையாக நிற்கிறது. வண்டிகள் ஊருக்குள் நெருங்காதபடி ஆற்றின் அக்கரையில் நிறுத்த வைத்தனர். குளிர்கால விளக்கொளிக் காட்சிக்கு 2019 முதல் முன்பதிவைக் கட்டாயமாக்கினர். புற்கூரைக்குத் தீயே எமன் என்பதால், நீர்பீய்ச்சும் குழாய்களை ஊரெங்கும் அமைத்து ஒத்திகையும் நடத்துகின்றனர்.

தறியும் நிலமும் தனியொருவர் கையில் தளரும். பலர் தோள் கொடுத்தால் நிமிரும். தன் கூரை ஒழுகும் நாளில் மட்டும் அயலாரை நினைப்பவன் யுயியை அறியான். அயலான் கூரைக்கு முதலில் ஏறுபவனே அதனை அறிவான். நம் சங்கங்களுக்கும் இதுவே பொருந்துமென்பது நம் துணிபு.