ஐந்து நிமிடத்தில் நூறு!

நெய்வேலிச் சுரங்கத்தில் வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரங்கள் பழுப்பு நிலக்கரியை வெட்டுகின்றன. கன்வேயர் பட்டைகள் அதை அனல் மின் நிலையத்திற்குக் கொண்டு செல்கின்றன. வெட்டும் வேகம் கூடும், குறையும். கொதிகலனோ தனக்கு வேண்டிய வீதத்தில்தான் எரிக்கும். ஆகவே இடையில் பங்கர் என்னும் சேமிப்பிடம் அமைந்துள்ளது.

இணையதளத்தை இயக்கும் கணிப்பொறிக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. ஒரு நொடியில் ஓர் அளவு கோரிக்கைகளுக்கே அது விடை தர இயலும். ஆனால் காத்திருப்போரை நிலக்கரிபோல் நெடுநேரம் குவித்து வைக்க முடியாதல்லவா? எனவே ஒருவரே அளவுமீறிக் கேட்டால், ‘429’ என்ற குறியெண்ணைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். ‘சற்றுப் பொறுத்து வாருங்கள்’ என்பதே அதன் கருத்து.

2021 ஏப்ரல் 28 அன்று, 18 வயது நிறைந்தோருக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு தொடங்கியது. தொடங்கியதுமே தளம் திணறியது. காலியிடம் தேடச் சிலர் தானியங்கி நிரல்களையும் ஏவினர். விரலால் தட்டுபவர் அவற்றோடு போட்டியிட முடியுமா? தகவல் கேட்கும் வெளி நிரல்களுக்கு, ஓர் இணைய முகவரியிலிருந்து 5 நிமிடத்தில் 100 கோரிக்கைகளே என அவ்வாண்டு வரம்பு விதிக்கப்பட்டிருந்தது.

இத்தகைய விதியை எப்படி நிறைவேற்றுவது? 10.00 முதல் 10.05 வரை எண்ணி, பிறகு கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்குவது எளிய வழி. ஆனால் 10.04.59க்கு 100, 10.05.00க்கு 100 கோரிக்கைகள் வந்தால்? இரண்டு நொடிக்குள் 200 நுழைந்துவிடும்! சராசரி வேகம் 40 கிலோமீட்டர் என்பதால், பேருந்து எக்கணத்திலும் 80ஐத் தொடவில்லை என்று கூற முடியாதல்லவா? ஆகவே ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும், அதற்கு முந்தைய 5 நிமிடங்களைப் பார்த்து எண்ண வேண்டும்.

இத்திருத்தத்தைச் செய்யுமுன், பல இடங்களில் சிதறிக் கிடக்கும் எண்ணும் பகுதிகளை, தளத்தின் நடத்தை மாறாமல் ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள். இல்லையேல் ஓரிடத்தில் திருத்திய பிழை வேறிடத்தில் தங்கிவிடும்.

அடுத்தது சோதனை. ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் காத்திருப்பதா? வேண்டாம். நாமே முள்ளை நகர்த்தக்கூடிய செயற்கைக் கடிகாரம் ஒன்றை நிரலுக்குத் தரலாம். 10.04.59க்கு வரும் நூறாவது கோரிக்கை நுழைய வேண்டும், 10.05.00க்கு வரும் அடுத்தது திரும்ப வேண்டும், 10.10.00க்கு வருவது மீண்டும் நுழைய வேண்டும். பிழைகள் ஒளிந்திருப்பது இத்தகைய எல்லைகளில்தான்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஒரு விடுதி மாணவர் அனைவரும் ஒரே இணைப்பைப் பயன்படுத்தினால், வெளியுலகிற்கு அவர்கள் ஒரே முகவரியாகத் தெரியக்கூடும். அப்போது அந்த 100 எல்லாருக்கும் சேர்த்துத்தான்! எத்தனை என்பதோடு, யாரை ஒருவராக எண்ணுகிறோம் என்பதிலும் நியாயம் அடங்கியிருக்கிறது.