கை மாறும் பொருட்கள் – 9: பில் இருக்கா?

திலக் நகரில் அடுத்து எந்தக் கட்டடம் இடிபடப் போகிறது என்பதை முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் வீட்டுத் தரகர்கள். அவர்களுக்கு அடுத்தபடி பாண்டிவாலிகள். தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, முதுகில் துணி மூட்டை, நீட்டி முழக்கும் ஒரு கூவல். பழைய துணியைக் கொடுத்தால் பாத்திரம் தருவார்கள். பழைய ம்ஹாடா கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்து டவர்களாக எழுந்துகொண்டிருக்கும் காலனி இது. புது வீடு கைக்கு வரும்வரை வாடகைக்குப் போகிற குடும்பம் பரணைக் காலி செய்தே ஆக வேண்டும். பரணில் பாதிக்குமேல் துணிதான்.

சென்ற வாரம் பார்த்த ரத்திக் காகிதத்துக்கு ஒரே தராசு. கிலோவுக்கு இவ்வளவு, முடிந்தது. துணி அப்படியல்ல. ஒரே டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவரும் நாலு உருப்படிகளுக்கு நாலு விதமாக விலை போடுவார்கள். அதிலும் விலை உயர்ந்த டிசைனர் துணி இருக்கிறதே, அதற்கு விலை போடும் விதம் வீட்டுக்காரர்களின் தலையைச் சுற்ற வைக்கும். இந்தியில் நடக்கும் பேரம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“என்ன பாயி, இவ்வளவு துணிக்கும் சேர்த்து ஒரே ஒரு கடாயா? அந்த லெஹங்கா என்ன விலை தெரியுமா உனக்கு?”

“இருக்கட்டும் பாபி. கல்லெல்லாம் கொட்டுது, இதை யாரு உடுத்துவா? ஆம்பளை பேன்ட் இருந்தா எடுங்க. ஜீன்ஸ் ரெண்டு சேர்த்துப் போடுங்க, மூடி போட்ட டப்பா ஒண்ணு தரேன்.”

அவள் சொல்வது ஏமாற்று இல்லை. அவளிடம் வாங்கப் போகிறவர் நாக்காவில் காலையில் வேலைக்குக் காத்து நிற்கும் தொழிலாளி. அவருக்கு உறுதியான பேன்ட் வேண்டும். நைந்த பருத்திப் புடவைக்கும் கிராக்கி உண்டு. கோதடி தைக்கலாம், எண்ணெய்க் கையைத் துடைக்கப் பட்டறைக்காரர்கள் வாங்குவார்கள். லெஹங்காவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? உள்ளே தைத்திருக்கும் டிசைனர் பெயர் அவள் சந்தையில் செல்லாத நோட்டு.

இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தினர்; தேவிபூஜக் என்றும் தங்களை அழைத்துக்கொள்வார்கள். டெல்லி ரகுபீர் நகரில் விடிவதற்கு முன்னால் கூடும் இவர்களின் பழந்துணிச் சந்தையைப் பற்றி லூசி நோரிஸ் என்ற மானுடவியலாளர் ஒரு நூலே எழுதியிருக்கிறார்; 2010-இல் வந்தது. நாம் கழித்துக்கட்டிய பட்டுப் புடவை குஷன் உறையாகவும், வெள்ளைக்காரப் பயணிகள் உடுத்தும் பாவாடையாகவும் மாறிக் கடல் தாண்டுவதை அதில் விவரமாகப் படிக்கலாம். எதிர்த்திசையில் வருவதும் உண்டு. உடுத்திக் கழித்த வெளிநாட்டுத் துணியை அப்படியே விற்பதற்கு இறக்குமதி செய்ய நம் நாட்டில் உரிமம் வேண்டும். கிழித்து வெட்டிய கந்தலாக வந்தால் தடையில்லை. அந்தக் கந்தல் பானிபட்டுக்குப் போகிறது. எந்தப் பெரிய பெயர் தைத்த கோட்டாக இருந்தாலும் அங்கே நிறம் பார்த்துப் பிரித்து, பொத்தானைப் பிடுங்கி, அரைத்து, மறுபடி நூலாக்கிக் கம்பளி நெய்துவிடுவார்கள். அங்கேயும் கிலோ விலைதான்.

ஆகவே பெயருக்கு விலை வேண்டுமென்றால் பெயர் தெரிந்தவர்களின் சந்தைக்குப் போக வேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு வரை நம் ஊரில் அது அவ்வளவாக இல்லை. ‘அடுத்தவங்க உடுத்தினது’ என்ற அருவருப்பு ஒரு காரணம். அக்காள் பாவாடை தங்கைக்கு வருவது வேறு, முகம் தெரியாதவள் கல்யாணத் துணி நம் வீட்டுக்கு வருவது வேறு. 2020 ஊரடங்கில் இன்ஸ்டாகிராமில் முளைத்த சின்னச் சின்னக் கடைகள் அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் உடைத்தன. குறித்த நேரத்தில் படங்களைப் போடுவார்கள், முதலில் கமெண்ட் போட்டவருக்குப் பொருள். பேரம் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் சட்டையும் ஸ்கர்ட்டும் வாங்கும் இடம் அது. லட்ச ரூபாய்த் துணிக்கு வேறு கடைகள். டெல்லியின் கான்ஃபிடென்ஷியல் கூட்டூர் போல, வாங்கிச் சோதித்து, சான்று சொல்லி விற்பவர்கள்.

இந்தக் கடைக்காரர்கள் துணியைத் தொடுவதற்கு முன்பே கேட்கும் கேள்விதான் தலைப்பில் இருப்பது. பில் இருக்கா?

ஏன் அவ்வளவு பிடிவாதம்? லேபிளை யாரும் நம்புவதில்லை. மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே உல்ஹாஸ்நகர் இருக்கிறது. ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்றால் உல்ஹாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று சிரிப்பது இங்கே பழைய ஜோக். திருப்பூர் காதர்பேட்டையில் கதை தலைகீழ். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய பனியனும் சட்டையும் அங்கே லேபிள் வெட்டப்பட்டு வரும். நிஜச் சரக்கில் பெயர் இருக்காது, போலியில் பளிச்சென்று இருக்கும். டிசைனர் துணியிலும் இதே தொல்லை. 2017 டிசம்பரில் அனுஷ்கா சர்மா தன் கல்யாணத்துக்கு உடுத்திய வெளிர் ரோஸ் சப்யசாசி லெஹங்காவுக்கு வடக்கே கடைவீதிகளில் நகல் வரப் பல மாதங்கள் ஆகவில்லை. அசலைக் கையில் வைத்திருப்பவர் பில்லைத் தொலைத்துவிட்டால் அவரும் நகல் வைத்திருப்பவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அமெரிக்காவிலேயே இது தீராத தகராறு. சோதித்து அசல் என்று உறுதி கூறி விற்பதாகச் சொல்லும் ‘தி ரியல்ரியல்’ நிறுவனத்தின் மேல், போலிப் பைகளை விற்றதாகச் சொல்லி ஷனெல் 2018-இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அங்கே 1902-இல் பாஸ்டனில் தொடங்கிய குட்வில் தருமக் கடைகளின் வழி இன்னும் எளிது. துணி தானமாக வருகிறது, கொள்முதல் செலவு இல்லை. ரகத்துக்கு ஒரு விலை என்று சீட்டு ஒட்டி, எந்த வாரம் வந்தது என்பதற்குச் சீட்டின் நிறத்தை மாற்றுவார்கள். வாரங்கள் ஓடியும் விற்காத நிறத்துக்குத் தள்ளுபடி. இதில் பெரிய பெயர்கள் சில சமயம் கண்ணில் படாமல் நழுவிப்போகும். அதைப் பொறுக்கி எடுத்து இணையத்தில் விற்றே பிழைப்பவர்கள் அங்கே ஏராளம்.

இனி நம் லெஹங்காவுக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறேன். இது எந்தக் கடையின் விலைப்பட்டியலும் அல்ல. மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து எடுத்தது. ஒரே ஒரு சாயங்காலம் உடுத்தியது. வீட்டுக்காரர் மனக்கணக்கு: பாதி விலையாவது வராதா?

கடைக்காரர் உங்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து கழிக்கத் தொடங்குவதில்லை. அவர் அடுத்த கல்யாணப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். அந்தப் பெண்ணால் இதே மாதிரி ஒன்றை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுக்க முடியும். தையல்காரரிடம் படத்தைக் காட்டி நகல் தைத்துக்கொள்ளவும் முடியும். அல்லது அவ்வளவு பேர் பெறாத டிசைனரிடம் புதிதாகவே வாங்கலாம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு அவள் பழசை எடுக்க வேண்டுமென்றால் ஐம்பதாயிரத்துக்கு மேல் சொல்ல முடியாது. அதுவும் பில், டேக், பெட்டி, பை எல்லாம் இருந்தால். இல்லாவிட்டால் இருபதுகூடச் சந்தேகம். அந்த ஐம்பதில் கடையின் கமிஷன், டிரை கிளீனிங், போட்டோ, திரும்பி வந்தால் ஆகும் செலவு எல்லாம் போக உங்கள் கைக்கு முப்பதாயிரம் வந்தால் நல்ல காலம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடைக்காரர் பணம் கொடுத்து வாங்குகிறாரா, அல்லது விற்ற பிறகு தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொள்கிறாரா? இரண்டாவது முறையில் அவர் பணம் முடங்குவதில்லை, ஆகவே முதலில் பெரிய விலையாகச் சொல்லி உங்களைக் குளிர வைப்பார். பிறகு மாதா மாதம் விலையைக் குறைத்துக்கொண்டே வருவார். முதல் முறையில் ஆரம்பத்திலேயே அடித்துக் கேட்பார். கேட்கக் கசந்தாலும் அவர் சொல்லும் விலைதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய பொருள் வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று விதி. வித்தியாசத்தைக் காட்ட வாங்கிய கணக்கு வேண்டும். இங்கேயும் காகிதம்தான் பேசுகிறது.

அடுத்தது அளவு. லெஹங்காவும் ஷெர்வானியும் ஒருவர் உடம்புக்கென்று வெட்டித் தைத்தவை. உயரத்துக்கு அடியில் வெட்டியிருந்தால் போயே போச்சு. உள்தையலில் இரண்டு விரற்கடை துணி விட்டிருந்தால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம், அதற்குத் தனி மதிப்பு. அக்குள் கறை, சென்ட் பட்ட இடத்தில் கறுத்த சரிகை, மடிப்பில் விட்டுப்போன நூல், இவற்றைத்தான் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் புடவை கெட்டிக்காரப் பொருள். அதற்கு அளவே கிடையாது. ஒரே டிசைனர் செய்த லெஹங்காவைவிடப் புடவை சுலபமாகக் கை மாறும், பிளவுஸ் பொருந்தாவிட்டால் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.

புடவை என்றதும் செம்பூர், மாட்டுங்கா மாமிகளுக்கு எதைச் சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். பழைய காஞ்சிபுரம். கைமாறும் துணிகளில் இது ஒன்றுக்குத்தான் அடிவிலை என்று ஒன்று உண்டு. பெயர் தெரிய வேண்டாம், பில் வேண்டாம், கடை மூடியே போயிருந்தாலும் கவலையில்லை. சுத்தமான காஞ்சிபுரச் சரிகையில் 57 சதவீதம் வெள்ளி, 24 சதவீதம் பட்டு, 0.6 சதவீதம் தங்கம், மீதி செம்பு என்பது பழைய கணக்கு. வாங்க வருகிறவர் சரிகையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் முகம் மலரும். பாலியெஸ்டர் என்று தெரிந்தால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 2025-இல் வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 100 கிராம் சுத்தச் சரிகை இருக்கும் புடவை என்றால் வெள்ளி மட்டும் 57 கிராம். அந்த விலைக்கு எட்டாயிரத்து ஐநூற்றுச் சொச்சம். எரித்துப் பிரிக்கும் கூலி, சேதாரம் என்று அவர் கழித்துக்கொள்வார். ஆனாலும் பாத்திரக் கூடைக்குள் போக வேண்டிய விதி அதற்கில்லை.

எனக்கு வருத்தமும் இதில்தான். எரிப்பவர் நெசவுக்கு ஒரு பைசா தருவதில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டிக் கோத்த கோர்வை, முந்தியைப் பேட்னி போட்டு இணைத்த வேலை, இன்று நெய்ய ஆள் கிடைக்காத புட்டாக்கள், எல்லாம் அவர் தராசில் சாம்பல். 1960, 70களின் புடவைகளில் வெள்ளி அதிகம். திரும்ப நெய்ய முடியாத வேலையும் அவற்றில்தான் அதிகம். வெள்ளி ஏறும்போதெல்லாம் முதலில் அடுப்புக்குப் போவது அவைதான். உடுத்தும் நிலையில் இருக்கும் பழைய காஞ்சிபுரத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். எரிக்கிறவர் சொல்வதற்கு மேலேயும் தருவார்கள். அவர்களை விசாரிக்காமல் வாசலுக்கு வந்தவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

கடைசியாக, யார் உடுத்தியது என்பதற்கு ஒரு விலை. சிவகாசி பக்கத்து மீனம்பட்டியில் பிறந்து மும்பையில் வாழ்ந்த ஸ்ரீதேவியின் கோட்டா புடவை ஒன்றை, அவர் மறைந்த ஓராண்டில், 2019 பிப்ரவரியில் போனி கபூர் தருமத்துக்காக இணையத்தில் ஏலம் விட்டார். நாற்பதாயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனது. அதற்கு முன் 2015-இல், பிரதமர் மோடியின் பெயரையே கோடுகளாக நெய்த சூட் சூரத்தில் ஏலம் போனது 4.31 கோடி ரூபாய்க்கு. இந்த மாதிரி ஏலத்தில் துணி ஒரு சாக்கு. நம் பரணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆசைப்பட வேண்டாம்.

திலக் நகரிலோ பெஸ்டம் சாகரிலோ வீடு மாறப் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாண்டிவாலியைக் கூப்பிடும் முன்பு துணிகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். பட்டில் சரிகையைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்புத் தெரிந்தால் அன்றைக்கே யாரிடமும் கொடுக்காதீர்கள், உடுத்த வாங்குகிறவர்களிடம் ஒரு விலை கேட்டுவிட்டு வாருங்கள். டிசைனர் துணியென்றால் பில்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கடையில் உங்கள் போன் நம்பரைச் சொல்லிப் பழைய கணக்கில் நகல் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் எடுத்துத் தருவார்கள். மிச்சத்தைத் தாராளமாகப் பாண்டிவாலிக்குப் போடுங்கள், கடாய்க்குப் பேரம் பேசுங்கள். அடுத்த வாரம் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய கார் உதிரிபாகங்கள்.

(தொடரும்)