பார்வை மானும் பெண் காவலரும்

வேட்டைத் தொழிலில் ‘பார்வை’ என்பது ஒரு கலைச்சொல். பழக்கிய மானையோ பறவையையோ ஓரிடத்தில் கட்டிவைத்து, அதை நம்பி நெருங்கும் காட்டு விலங்கை வேட்டுவர் பிடிப்பர். அவ்வாறு கட்டப்பட்ட விலங்கே பார்வை. பெரும்பாணாற்றுப்படையில் இச்சொல் வருகிறது. புறநானூற்றின் 320ஆம் பாடலில், வேட்டுவன் வீட்டு முற்றத்தில் நிற்கும் பார்வைப் பிணையோடு ஓர் ஆண்மான் வந்து விளையாடுகிறது. அதைக் கண்ட மனைவி, உறங்கும் கணவன் எழுந்துவிடுவானோ, கலைமான் பிணையைப் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி ஓசையின்றி இருக்கிறாள். ஆங்கிலத்தில் ‘டிகாய்’ என வழங்குவது இப்பார்வையையே. அப்பெயர் தாங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றியே ஈண்டு விளக்க முற்படுகிறோம். தொடரின் வலிமையும் குறையும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதால் சொல்லிலிருந்து தொடங்கினோம்.

‘டிகாய்’ 1957 அக்டோபரில் தொடங்கி 1958 ஜூலையில் முடிந்தது. கறுப்பு வெள்ளையில் அரைமணி நேரப் பகுதிகள் 39. பெண் காவலர் ஒருவரைத் தனித் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட முதல் அமெரிக்கக் காவல்துறைத் தொடர் இதுவே. நாடளாவிய பெரிய ஒளிபரப்பு நிறுவனம் எதுவும் இதை வெளியிடவில்லை; ஊர்தோறும் உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கப்பட்டது. நியூயார்க் நகரத் தெருக்களிலேயே பெரும்பகுதி படமாக்கப்பட்டது. அந்நகரக் காவல்துறையின் பெண் காவலர் பிரிவுக்குச் செலுத்தும் மரியாதையாகத் தொடர் தன்னை அறிவித்துக்கொண்டது.

தலைமைப் பாத்திரத்தின் பெயர் பாட்ரிசியா ஜோன்ஸ். யாவரும் ‘கேசி’ என்றே அழைப்பர். கேசி ஜோன்ஸ் என்பது, 1900ஆம் ஆண்டில் மோதலைத் தவிர்க்கத் தன் ரயிலை நிறுத்த முயன்று உயிர்நீத்த ஓட்டுநரின் பெயர். அமெரிக்க நாட்டுப்பாடல்களில் நிலைத்துவிட்ட பெயர். பெண் காவலருக்கு ஓர் ஆண் வீரனின் பெயர்தான் வேண்டியிருந்தது போலும்!

பாத்திரத்தை ஏற்றவர் பெவர்லி கார்லண்ட். அதற்கு முந்தைய ஆண்டு, ரோஜர் கார்மன் இயக்கிய ‘கன்ஸ்லிங்கர்’ திரைப்படத்தில், கொலையுண்ட கணவனின் காவல் பதவியைத் தானே ஏற்று ஊரைக் காக்கும் கைம்பெண்ணாக அவர் நடித்திருந்தார். எனினும் அங்கே பதவி கணவன் வழியாக வந்தது. கேசிக்கு அது அவளுடைய சொந்தப் பணி. அவளுக்கு நிலையான துணைக் காவலர் இல்லை. வாரந்தோறும் தோன்றும் வேறு பாத்திரமும் இல்லை. கதையை எடுத்துரைப்பவளும் அவளே. இறுதியில் ஒளிப்படக் கருவியை நேரே நோக்கி, நிகழ்ந்தது குறித்துப் பார்வையாளரிடம் சில சொற்கள் பேசுவாள். குற்றவாளியை விலங்கிட்டதும் கதை முடிந்தது என்னும் வழக்கத்துக்கு இது மாறானது. பிடிபட்ட பெண்ணின் துயரமும் பிடித்தவளின் மனச்சங்கடமும் அங்கே இடம்பெற்றன. வேட்டையில் துணைநிற்கும் பிணைக்கும் ஒரு மனம் உண்டு என்பதை இத்தொடர் உணர்ந்திருந்தது. இதையே அதன் சிறப்பாக நாம் கருதுகிறோம்.

குறையும் அங்கேயே இருக்கிறது. மாற்றுருவில் குற்றவாளிகளிடையே புகுந்து அவர்களை வெளிக்கொணர்வதே கேசியின் பணி. வேறொரு பெண்ணாக நடிக்க இயலும் என்பதற்காகவே அவள் தேவைப்படுகிறாள். இது கதாசிரியர் தாமே கற்பித்த எல்லையன்று. அக்கால நியூயார்க்கில் பெண் காவலர்கள் தனிப்பிரிவாகவே வைக்கப்பட்டனர். சார்ஜண்ட் பதவி உயர்வுத் தேர்வை எழுதவும் அவர்களுக்கு உரிமை இல்லை. 1942 முதல் பணியாற்றிய ஃபெலிசியா ஷ்பிரிட்சர் 1961இல் அத்தேர்வுக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்து 1963இல் வென்றார், 1964இல் தேர்வெழுதினார், 1965இல் அவரும் கெர்ட்ரூட் ஷிம்மலும் அந்நகரின் முதல் பெண் சார்ஜண்டுகள் ஆயினர். திரையில் கேசி எத்தனை வழக்குகளைத் துலக்கியிருந்தாலும், 1958ஆம் ஆண்டின் விதிப்படி அவளால் சார்ஜண்ட் பதவிக்கு உயர இயலாது. தொடரைக் காணும் மாணவர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

39 பகுதிகள் என்பது அக்காலத்தில் ஓராண்டுக்குரிய முழு அளவு. இரண்டாம் ஆண்டு வரவில்லை. கார்லண்ட் பின்னர் ‘மை த்ரீ சன்ஸ்’ தொடரில் மனைவியாகவும், 1983இல் தொடங்கிய ‘ஸ்கேர்குரோ அண்ட் மிஸஸ் கிங்’ தொடரில் தாயாகவும் நடித்தார். பெண் காவலரை மையமாகக் கொண்ட தொடர்கள் அமெரிக்கத் திரையில் வேரூன்ற 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் இரு தொடர்கள் எழுந்தன. கறுப்பின நடிகை தெரசா கிரேவ்ஸ் நடித்த ‘கெட் கிறிஸ்டி லவ்’ ஓராண்டில் மறைந்தது. ஆஞ்சி டிக்கின்சன் நடித்த ‘போலீஸ் உமன்’ 1978 வரை நீடித்தது. அதன் நாயகியும் பெரும்பாலும் மாற்றுருவிலேயே பணியாற்றினாள்.

அத்தொடரின் தலைப்பில் ஒரு முரண் உண்டு. ‘போலீஸ் உமன்’ என்னும் பதவிப் பெயரை நியூயார்க் காவல்துறை 1973இலேயே கைவிட்டு, ஆண் பெண் இருபாலார்க்கும் ‘போலீஸ் ஆபீசர்’ என ஒரே பெயரை வழங்கத் தொடங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சியோ மறு ஆண்டு அப்பழைய பெயரையே தலைப்பாகச் சூட்டிக்கொண்டது. தமிழில் ‘காவலன்’ ஆண்பால். பழைய நூல்களில் அது மன்னனையும் குறிக்கும். ‘காவலர்’ என்னும்போது அர் விகுதி இருபாலார்க்கும் பொதுவாகிறது. ஆயினும் நம் நாளிதழ்கள் ஆணைக் ‘காவலர்’ என்றும் பெண்ணைப் ‘பெண் காவலர்’ என்றுமே பெரிதும் எழுதிவருகின்றன.