தூண் தையல் இயந்திரம்: தோலில் தைக்கும் முன் செய்ய வேண்டியவை

ஊர் திரும்பியபின் சப்பாத்து, செருப்பு, கைப்பை தைக்கும் தொழிலைத் தொடங்கும் குடும்பங்களுக்காக இப்பகுதி எழுதப்பட்டுள்ளது. தூண் தையல் இயந்திரத்தில் ஊசி இறங்கும் தகடு ஒரு சிறு தூணின் உச்சியில் இருக்கும். அதனால் வளைந்த சப்பாத்து மேற்பாகத்தைத் தூணைச் சுற்றித் திருப்பித் தைக்க முடிகிறது.

ஒன்றை மறவாதீர்கள். துணியில் பிழைத்த தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட துளை மூடாது. ஒரு வரி பிழைத்தால் அந்தத் தோலின் விலை உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே இயந்திரத்தை எப்போதும் கழிவுத் தோலில் தைத்துப் பார்த்தே சரிசெய்யுங்கள்.

இயந்திரத்தை வைத்தல்

லொறியில் வந்த இயந்திரத்தின் திருகாணிகள் தளர்ந்திருக்கலாம், எல்லாவற்றையும் பாருங்கள். மண் தரையாயின் மேசைக் கால்களின் கீழ் பலகை வையுங்கள். மேசை ஆடக்கூடாது. தூசியை அகற்றி, தையல் இயந்திர எண்ணெயை மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி இயந்திரத்தை இறுக்கிவிடும்.

மின்சாரம்

வீடுகளுக்குப் பெரும்பாலும் 230 வோல்ற் சிங்கிள் பேஸ் மின்சாரமே கிடைக்கும். தொழிற்சாலையில் ஓடிய பழைய இயந்திரத்தில் திறீ பேஸ் மோட்டர் இருந்தால் அது வீட்டு இணைப்பில் அப்படியே ஓடாது. மோட்டரிலுள்ள தகட்டை முதலில் வாசியுங்கள். இணைப்பை மின்னியலாளரைக் கொண்டு செய்வியுங்கள். பட்டிக்கு மூடி போடுங்கள். பிள்ளைகளின் விரல் அகப்படலாம்.

ஊசியும் கொக்கியும்

இந்த வேலைகளுக்கு முன் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

• தோலுக்குரிய ஊசியையே போடுங்கள். சப்பாத்து மேற்பாகத்துக்கு 100 அல்லது 110 இலக்க ஊசி பொதுவாகப் பொருந்தும்.
• ஊசியை முடியுமட்டும் மேலே தள்ளி, குழிவான பக்கம் கொக்கியைப் பார்க்கும்படி இறுக்குங்கள்.
• கைச்சில்லைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஊசி அடிமட்டத்திலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் மேலெழும்போது, கொக்கியின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியைத் தொடாமல் மிக நெருங்கிக் கடக்க வேண்டும். தொட்டால் ஊசி முறியும். விலகினால் தையல் விடுபடும்.
• தையல் விடுபட்டால் முதலில் புதிய ஊசி போட்டுப் பாருங்கள். கொக்கியைக் கடைசியாகவே அசையுங்கள்.

நூலும் தையலும்

மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுவே பின்ன வேண்டும். தோலின் அடிப்பக்கத்தில் நூல் வளையமாகத் தொங்கினால் மேல்நூலை இறுக்குங்கள். அடிநூல் மேலே இழுபட்டுத் தெரிந்தால் மேல்நூலைத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும்.

தையல் நீளத்தை முதலில் 3 மில்லிமீற்றரில் வையுங்கள். துளைகள் மிக நெருங்கினால் தோல் அந்த வரியிலேயே கிழியும். றோலர் பாதத்தின் தடம் தோலில் பதிந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள்; தோல் வழுக்கினால் சிறிது கூட்டுங்கள்.

தையல் சரியாக வந்ததும் அந்தக் கழிவுத் துண்டில் ஊசி இலக்கத்தையும் நூலின் அளவையும் எழுதி இயந்திரத்தில் கட்டி வையுங்கள். அடுத்த முறை தையல் பிழைத்தால் அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்யலாம்.