கானமேளாவில் சொந்தப் பாட்டு எங்கே?

ஏலப்பாறையில் 'கிளப்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, பீர்மேடு மலைகளில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. தொழிலாளி அங்கே பரிமாறப் போகலாம். உட்காரப் போக முடியாது. மற்றொன்று, கேரளத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப். ஓணம் வந்தால் பகலில் வடம்வலி, உறியடி, இரவில் கானமேளா.

கானமேளா மேடையில் கிடார் உண்டு, டிரம்ஸ் உண்டு, கீபோர்டு உண்டு. வாசிப்பவர்களின் சொந்தப் பாட்டு மட்டும் கிடையாது. மலையாள சினிமாப் பாடல்களில் ஆரம்பித்து, கூட்டம் சோர்ந்தால் தமிழ்க் குத்துப்பாட்டுக்குத் தாவுவார்கள். கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்களின் வாரிசுகள் வாழும் மலை இது. தமிழ் கேட்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

சொந்தப் பாட்டை மட்டுமே பாடும் ராக் குழுக்களை 'இண்டி' என்கிறார்கள். ('சுயாதீன' என்று மொழிபெயர்த்தால் ஏதோ அரசாங்கக் கமிஷன் போல ஒலிக்கிறது.) அவற்றைக் கேட்க ஏலப்பாறை இளைஞர் மலையிறங்கி, சுமார் 100 கி.மீ. தள்ளி கொச்சிக்குப் போகவேண்டும்.

கொச்சியிலும் சொந்தப் பாட்டு சுலபமாக வந்துவிடவில்லை. 1977-ல் உருவான '13 ஏடி' குழு ஹோட்டல் மேடைகளில் மேல்நாட்டுப் பாடல்களை வாசித்து வளர்ந்தது. 1990-ல் வந்த 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பத்தில் பாடல்கள் சொந்தம், மொழி ஆங்கிலம். 1996-ல் தோன்றிய 'மதர்ஜேன்' இன்னும் ஓரடி நகர்ந்தது. பைஜு தர்மஜனின் கிடாரில் கர்நாடக சங்கீத கமகங்கள் கேட்டன. வரிகள் அப்போதும் ஆங்கிலம்தான். 2003-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய குழுதான் மலையாளத்தில் ராக் பாடிப் பெயர் வாங்கியது. குழுவின் பெயர் 'அவியல்'. மொழிபெயர்ப்பவர்களுக்கு வேலை வைக்காத பெயர்! 2008-ல் அதே பெயரில் ஆல்பம் வந்தது. 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் இவர்களின் 'ஆனக்கள்ளன்' பாட்டு இடம்பெற்றது. ஆக, கிடார் தாய்மொழி பேச கால் நூற்றாண்டு ஆயிற்று.

தோட்டத்துத் தமிழ் இளைஞருக்கு அதுவும் பக்கத்து வீட்டுப் பாட்டுதான். அவருக்கு நெருக்கமான ஓர் இரவு நிகழ்ந்தது கொச்சியில் அல்ல, சென்னையில்.

2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். இயக்குனர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்திய நிகழ்ச்சி. இசையமைப்பாளர் டென்மாவுடன் 19 கலைஞர்கள் மேடையேறினார்கள். பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒன்றாக முழங்கின. கானா, ராக், ராப் என்று பிரித்துச் சொல்ல முடியாத கலவை. இட ஒதுக்கீடு பற்றிக்கூட ஒரு பாட்டு. குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. இருந்த ஒரே பெண், கானா பாடகி இசைவாணி, 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

அதே குழுவில் பாடிய அறிவு, 2021-ல் தீயுடன் சேர்ந்து 'எஞ்ஜாய் எஞ்சாமி' பாடினார். அதை ராக் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் மூலக்கதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, வெறுங்கையோடு திரும்பிய அவரது பாட்டி வள்ளியம்மாளுடையது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை சரிந்து, பீர்மேடு வட்டாரத்தில் எஸ்டேட்டுகள் மூடப்பட்டபோது லயங்களில் சம்பளமின்றி மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கதைக்குப் பொழிப்புரை தேவையில்லை.

அப்படியானால் ஏலப்பாறை மேடையில் ஏன் இப்படி ஒரு பாட்டு இல்லை? காசு கொடுப்பவர் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார் என்பதே காரணம். நகரத்து 'பப்' முதலாளிக்கும் அதே கணக்கு, ரசீது புத்தகத்தோடு வசூலுக்குப் போகும் கிளப் கமிட்டிக்கும் அதே கணக்கு. கீழ்ப்பாக்கத்தில் அந்தக் கணக்கைப் பார்க்காத ஒருவர் செலவை ஏற்றார்.

மலையில் அவ்வளவுகூட வேண்டியதில்லை. இரண்டு சினிமாப் பாடல்களுக்கு நடுவே, லயத்தில் வளர்ந்த ஒருவர் எழுதிய பாட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் கமிட்டிக்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. கிடாரும் டிரம்ஸும் ஏற்கெனவே மேடையில்தான் இருக்கின்றன.