ஏக்கருக்கு ஐந்து ரூபாய்

தண்ணீர்ச் சாசனங்கள் – 9

இராமநாதபுரம் பிரதானி முத்துஇருளப்ப பிள்ளை மலைக்கு அனுப்பிவைத்த பன்னிரண்டு பேரின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று அவர்கள் வந்து சொன்னார்கள், செலவழிக்கப் பணமில்லை. 1808-இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயர் அதே மலையைப் பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். 1862-இல் மேஜர் ரைவ்ஸ் திட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார். 1876 முதல் 78 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சென்னை அரசு அதைத் தள்ளிப்போட முடியவில்லை.

இதற்குப் பின் வருவது அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் கதை. அதைத் தேனி, மதுரை மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அணைக்கு முன்னால் நடந்த பேரத்தை. அணை கட்ட வேண்டிய இடமும் தண்ணீர் தேங்கும் காடும் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தம். அவர் சம்மதிக்காமல் ஒரு கல்லைக்கூட எடுத்துவைக்க முடியாது. அந்தச் சம்மதத்தை வாங்க ஏறத்தாழ இருபத்துநான்கு வருடம் பிடித்தது.

மகாராஜாவால் எந்த அளவுக்கு மறுக்க முடிந்திருக்கும்? 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் அளவுக்குக் கம்பெனிக்குக் கப்பம் கட்டியாக வேண்டும். நிர்வாக விஷயங்களில் ஆங்கில அரசு சொல்லும் யோசனைக்குச் செவிகொடுக்கவும் அதே உடன்படிக்கையில் மகாராஜா ஒப்புக்கொண்டிருந்தார். அந்த யோசனையைக் கொண்டுவருகிற ரெசிடெண்ட் அவருடைய தலைநகரிலேயே இருந்தார். இந்த நிலையில் இருபத்துநான்கு வருடம் இழுத்துப்பிடித்ததே பெரிய காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது.

1886 அக்டோபர் 29-ஆம் தேதி குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. மகாராஜா சார்பில் திவான் ராமையங்காரும், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் சார்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டார்கள். 1886 ஜனவரி 1 முதல் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை. அது முடிந்ததும் குத்தகைக்காரர் விரும்பினால் இன்னொரு 999 ஆண்டு. 155 அடி உயரம் வரை தண்ணீர் தேங்கக்கூடிய நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருடம் ஐந்து ரூபாய் வீதம் மொத்தம் 40,000 ரூபாய். தண்ணீர், மீன்பிடிப்பு, கட்டுமானத்துக்கு வேண்டிய மரம் எல்லாம் குத்தகைக்காரருக்கு.

பணம் கொடுக்கும் முறையையும் பத்திரமே சொல்கிறது. திருவிதாங்கூர் கட்ட வேண்டிய கப்பத்தில் அந்த நாற்பதாயிரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆக, பேரரசு தன் கையை விட்டு ஒரு ரூபாயும் எடுத்துவைக்க வேண்டியதில்லை. குத்தகையை ஏற்றுவதற்குக் காலவரையறை எதுவும் எழுதப்படவில்லை. ஆயிரம் வருடத்துக்கு ஒரே வாடகை! மதுரை மண்ணில் பிறந்தவன் என்பதால் இந்தப் பத்திரத்தின் பலனை அனுபவித்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் இது நியாயமான பேரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விசாகம் திருநாள் மகாராஜா இதில் தன் இதயத்தின் ரத்தத்தால் கையெழுத்திட்டதாகக் கேரளத்தில் சொல்வார்கள். பத்திரம் எழுதப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 1885-லேயே காலமாகி, மூலம் திருநாள் பட்டத்துக்கு வந்திருந்தார். இருந்தும் நூறு வருடத்துக்கு மேலாக அந்தக் கதை சொல்லப்படுகிறதென்றால், அங்குள்ள மனக்காயம் உண்மையானது. அதைக் கேட்டுச் சிரிக்கிற நம் ஊர்க்காரர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் கலந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பியது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இன்று 45,041 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் கால்வாயிலுமாகச் சேர்த்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். வானம் பார்த்துக் கிடந்த ஊர்களில் கண்மாய் நிறைந்தது. மதுரையைச் சுற்றிய சமவெளி அந்தக் குத்தகையை நம்பியே குடும்பம் நடத்தத் தொடங்கியது.

பத்திரத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. 1886-இல் இந்தியாவில் நீர்மின் நிலையமே கிடையாது; டார்ஜிலிங்கில் முதலாவது வந்தது 1897-இல். ஆயிரம் அடிக்கும் மேலே இருந்து விழுகிற இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பின்னாளில் சென்னை அரசு கிளம்பியபோது, சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த திருவிதாங்கூர் அரசு குறுக்கே நின்றது. பாசனத்துக்குக் கொடுத்த தண்ணீரில் மின்சாரம் எடுக்க உனக்கு உரிமை ஏது என்பது அதன் கேள்வி. தகராறு வந்தால் நடுவர்களிடம் போக வேண்டும் என்று பத்திரம் சொல்லியிருந்ததால், சென்னைக்கு டேவிட் தேவதாஸ், திருவிதாங்கூருக்கு வி.எஸ். சுப்பிரமணிய ஐயர் என்று இரு நடுவர்கள் அமர்ந்தார்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தலைமை நடுவராக வந்த நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, 1941 மே 12 அன்று திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். பேரரசே எழுதிவாங்கிய பத்திரத்தின் ஒரு ஷரத்தை வைத்து, அந்தப் பேரரசின் மாகாண அரசையே ஒரு சமஸ்தானம் தடுத்து நிறுத்திவிட்டது. எழுத்தைத் திருத்த முடியவில்லை. அதன் எல்லையைக் காட்ட முடிந்தது.

ஆறே வருடத்தில் இங்கிலாந்தின் ஆட்சி போனது, பின்னாலேயே சமஸ்தானமும் போனது. 1950-களில் பேச்சு மறுபடி தொடங்கியது. குமுளி மலைச்சாலையில் போகிறவர்கள் பார்க்கிற அந்த ராட்சதக் குழாய்களுக்குக் கீழே, லோயர் கேம்பில் மின் நிலையம் அந்தப் பத்தாண்டின் முடிவில் ஓடத் தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் எழுதி முடிக்கத்தான் 1970 மே 29 வரை ஆனது. இங்கே முதல்வர் கருணாநிதி, அங்கே அச்சுத மேனன்.

ஏக்கருக்கு ஐந்து ரூபாய் முப்பது ரூபாயானது. 8,000 ஏக்கருக்கு 2,40,000 ரூபாய். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்தலாம் என்றும் எழுதினார்கள். மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்காக 35 கோடி யூனிட் வரை கிலோவாட் ஆண்டுக்கு 12 ரூபாய், அதற்கு மேல் 18 ரூபாய் கேரளத்துக்குக் கட்ட வேண்டும். தொகை சின்னதுதான். தமிழ்நாட்டுக்கு லாபமான கணக்கு என்று கேரளத்தில் இன்றும் குறை சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இம்முறை எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய அரசுகள். ஒருவர் மற்றவருக்குக் கப்பம் கட்டவில்லை.

1886-ஐக் கொண்டாடுகிற அளவுக்கு நாம் 1970-ஐ நினைப்பதில்லை. நம் வயல்களுக்கு உறுதியான பிடிமானம் இரண்டாவது கையெழுத்துதான். பிரிட்டிஷார் போனதும் குத்தகையும் காலாவதியாகிவிட்டது என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2014 மே 7 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இது அரசியல் உடன்படிக்கை அல்ல, குத்தகை என்றது. கேரளமே 1970-இல் அதைத் திருத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதும் அந்த வழக்கில் நம் பக்கத்துக்கு வலுவாக நின்றது.

அந்த வழக்கு வாடகைக்காக வந்ததல்ல. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி அணை உடைந்ததையடுத்து இடுக்கியில் எழுந்த பயமும், நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கியதும் அடுத்த வாரம்.